நேரியல் இயற்கணிதம்: அணியை நிரல்களாகப் பார்க்கப் பழகுங்கள்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே அணிகள்தான். நேர்மாறு அணி காண்க, அணித்தரம் காண்க, கிராமர் விதியில் தீர்க்க, காஸ் நீக்கல் முறையில் தீர்க்க என்று வரிசையாக வரும். பயிற்சி செய்தால் மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் அதே மாணவர் சில வருஷம் கழித்து மெஷின் லேர்னிங் படிக்க உட்காரும்போது, இந்த அணி இந்த வெக்டரை என்னதான் செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பெருக்கத் தெரியும், கூட்டத் தெரியும், மனதில் படம் மட்டும் இருக்காது. அந்தப் படத்தை எப்படி உருவாக்கிக்கொள்வது, அதற்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல்கலைக்கழக வகுப்புகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

வகுப்புகள் நிறைய உண்டு. நான் ஒன்றைச் சொல் என்றால் யோசிக்காமல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 18.06 என்ற எண்ணில் நடக்கும் நேரியல் இயற்கணிதப் பாடத்தைச் சொல்வேன். கில்பர்ட் ஸ்ட்ராங் 1999இல் எடுத்த வகுப்புகளை அப்படியே வீடியோவாகப் பதிவு செய்து வைத்தார்கள். தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் தரப்போவதாக எம்ஐடி 2001இல் அறிவித்தது, அடுத்த வருஷம் ஓபன்கோர்ஸ்வேர் தளம் 50 பாடங்களோடு சோதனை முறையில் தொடங்கியது, இந்த வகுப்புகளும் அதன் வழியாக வெளியே வந்தன. பதிவு செய்துகொள்ள வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். யூடியூபிலும் இருக்கிறது. மறுபார்வை வகுப்புகளையும் சேர்த்து 35 வீடியோ, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்கு முன்பின். ஸ்ட்ராங் 1934இல் பிறந்தவர். இளங்கலையை எம்ஐடியில் படித்தார், 1962இல் அங்கேயே ஆசிரியராகச் சேர்ந்தார், 2023 மே 15 அன்று 88 வயதில் கடைசி வகுப்பை எடுத்தார்.

இந்த வகுப்புகளை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் முதல் வகுப்பிலேயே இருக்கிறது. இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண் என்று நமக்குப் பழகிய இடத்தில்தான் ஆரம்பிக்கிறார். எக்ஸ், ஒய் கோடுகளை வரைந்து அவை வெட்டும் புள்ளி விடை என்று காட்டுகிறார். அதுவும் நாம் பார்த்ததுதான். அப்புறம் அதே கணக்கை நிரை நிரையாக (குறுக்கு வரிசைகளாக) பார்ப்பதை விட்டுவிட்டு, நிரல் நிரலாக (மேலிருந்து கீழாக) எழுதுகிறார். எண்கள் எதுவும் மாறவில்லை, விடையும் மாறவில்லை. ஆனால் கேள்வியே வேறாகிவிடுகிறது. 35 வகுப்பும் அந்த ஒரு திருப்பத்தின் மேல்தான் நிற்கிறது என்பது என் எண்ணம், அதனால் அதையே நிதானமாகப் பார்ப்போம்.

கடையில் இரண்டு வகை பொட்டலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பொட்டலத்தில் 3 கப் அரிசி, 1 கப் உளுந்து கலந்திருக்கிறது. இரண்டாவதில் 1 கப் அரிசி, 1 கப் உளுந்து. உங்களுக்கு மொத்தமாக 9 கப் அரிசியும் 5 கப் உளுந்தும் வேண்டும். எந்தப் பொட்டலம் எத்தனை வாங்க வேண்டும்?

பள்ளி வழியில் அரிசிக்கு ஒரு சமன்பாடு, உளுந்துக்கு ஒரு சமன்பாடு எழுதுவோம். அரிசிக் கணக்கில் 3 எக்ஸ் + ஒய் = 9. உளுந்துக் கணக்கில் எக்ஸ் + ஒய் = 5. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் 2 எக்ஸ் = 4, ஆக எக்ஸ் 2, ஒய் 3. இது நிரைப் பார்வை. ஒவ்வொரு நிரையும் ஒரு கோடு, இரண்டு கோடும் (2, 3) என்ற புள்ளியில் வெட்டுகின்றன.

நிரல் பார்வையில் அரிசியையும் உளுந்தையும் பிரிக்கவே மாட்டோம். முதல் பொட்டலம் என்பது (3, 1) என்ற ஒரு வெக்டர். இரண்டாவது (1, 1) என்ற வெக்டர். நமக்கு வேண்டியது (9, 5). முதல் வெக்டரில் எத்தனை மடங்கும் இரண்டாவதில் எத்தனை மடங்கும் எடுத்துக் கூட்டினால் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவோம்? ஒரு தாளில் அச்சுகளை வரைந்து, ஆதிப்புள்ளியிலிருந்து (3, 1) திசையில் இரண்டு அம்பு போடுங்கள், (6, 2)க்கு வருவீர்கள். அங்கிருந்து (1, 1) திசையில் மூன்று அம்பு போடுங்கள், (9, 5) வந்துவிட்டது. இப்படி வெக்டர்களை மடங்காக்கிக் கூட்டுவதற்குத்தான் நேரியல் சேர்க்கை என்று பெயர், வகுப்பில் 'லீனியர் காம்பினேஷன்' என்று நூறு முறை காதில் விழும். ஓர் அணியை ஒரு வெக்டரால் பெருக்குவது என்றால் அந்த அணியின் நிரல்களை, வெக்டரில் உள்ள எண்களின் அளவுக்கு எடுத்துக் கூட்டுவது, அவ்வளவுதான். நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டும் பள்ளி முறையும் அதே விடையைத்தான் தரும். ஆனால் அந்த முறையில் பெருக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரியாமல் கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு தெரியாத எண்ணுக்கு எந்தப் பார்வையாக இருந்தாலும் ஒன்றுதான், கோடுகள் வெட்டுவதைப் பார்ப்பது சொல்லப்போனால் இன்னும் சுலபம். மூன்றுக்குப் போனதும் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு சமன்பாடும் ஒரு தளமாகிவிடும், மூன்று தளங்கள் ஒரே புள்ளியில் சந்திப்பதைப் பலகையில் வரைவதே கஷ்டம். ஸ்ட்ராங் முதல் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் மூன்றுக்கு மூன்று கணக்கை இதற்காகவே பார்க்க வேண்டும். வலப்பக்கத்து வெக்டராக அவர் வைப்பது அணியின் மூன்றாவது நிரலையே. நிரைப் பார்வையில் மூன்று தளம் வரைந்து திணற வேண்டிய கணக்கு, நிரல் பார்வையில் பார்த்த உடனே முடிந்துவிடுகிறது: முதல் நிரல் 0, இரண்டாவது 0, மூன்றாவது 1. உடனே வலப்பக்கத்தை மாற்றி முதல் இரண்டு நிரல்களின் கூட்டுத்தொகையை வைக்கிறார், விடை 1, 1, 0. கணக்குப் போடாமலே விடை தெரிவது அந்த வகுப்பில் நடக்கிறது, அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களே இன்னொரு வலப்பக்கத்தை வைத்துப் பாருங்கள்.

அதற்கப்புறம் அவர் கேட்கும் கேள்விதான் முக்கியம். வலப்பக்கத்தில் எந்த வெக்டரைக் கொடுத்தாலும் இந்த நிரல்களைக் கூட்டி அங்கே போய்ச் சேர முடியுமா?

நம் பொட்டலங்களில் முடியும். (3, 1), (1, 1) இரண்டும் வேறு வேறு திசை, அதனால் தாளில் எந்தப் புள்ளியையும் எட்டிவிடலாம். வெறும் 4 கப் உளுந்து மட்டும் வேண்டும் என்றாலும் கணக்கு விடை சொல்லும்: முதல் பொட்டலம் மைனஸ் 2, இரண்டாவது 6. கடைக்காரர் மைனஸ் பொட்டலம் தரமாட்டார், கணிதத்தில் எதிர்த் திசையில் போவதற்குத் தடையில்லை.

சரி, இப்போது இரண்டாவது பொட்டலத்தை மாற்றுவோம். அதில் 6 கப் அரிசி, 2 கப் உளுந்து. பொட்டலம் பெரிதாகிவிட்டது, ஆனால் விகிதம் முதல் பொட்டலத்தின் விகிதமேதான். (6, 2) என்பது (3, 1) இன் இரண்டு மடங்கு, இரண்டு அம்பும் ஒரே கோட்டில் கிடக்கின்றன. இனி எத்தனை பொட்டலம் வாங்கினாலும் அந்தக் கோட்டை விட்டு வெளியே வர முடியாது. (9, 5) கோட்டுக்கு வெளியே இருக்கிறது, எனவே அந்தக் கணக்குக்கு விடை இல்லை. (12, 4) கோட்டின் மேலே இருக்கிறது, அதற்கு விடை உண்டு. நிரல்களைக் கூட்டி எங்கெல்லாம் போக முடியுமோ அந்த இடம் முழுவதும் சேர்ந்ததுதான் நிரல்வெளி, 'காலம் ஸ்பேஸ்' என்று அவர் சொல்வது. முதல் அணிக்கு நிரல்வெளி தாள் முழுவதும். இரண்டாவது அணிக்கு வெறும் ஒரு கோடு. அணித்தரம் என்று பள்ளியில் ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து பூச்சியமில்லாத நிரைகளை எண்ணினோமே, அது சொல்வது இதைத்தான்: நிரல்வெளிக்கு எத்தனை பரிமாணம். முதல் அணிக்கு 2, இரண்டாவதுக்கு 1.

(12, 4)க்கு விடை உண்டு என்றேன். எத்தனை விடை? முதல் பொட்டலம் 4 வாங்கினாலும் சரி, முதலில் 2 இரண்டாவதில் 1 வாங்கினாலும் சரி, இரண்டாவது மட்டும் 2 வாங்கினாலும் சரி. விடைகள் கணக்கில்லாமல் இருக்கின்றன, ஆனால் தாறுமாறாக இல்லை. (4, 0), (2, 1), (0, 2) மூன்றையும் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் முதலில் 2 குறைகிறது, இரண்டாவதில் 1 கூடுகிறது. ஏனென்றால் முதல் பொட்டலம் 2 எடுத்து இரண்டாவது 1 திருப்பிக் கொடுத்தால் கையில் நிகரமாக ஒன்றும் இல்லை. (2, −1) என்ற வெக்டரை அணி பூச்சியமாக்கிவிடுகிறது. இப்படி அணி பூச்சியமாக்கும் வெக்டர்களின் கூட்டத்துக்கு 'நல் ஸ்பேஸ்' என்று பெயர். ஏதாவது ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், நல் ஸ்பேஸில் உள்ளதை அதோடு கூட்டக் கூட்ட மற்ற எல்லா விடையும் வந்துவிடும். ஏழாவது, எட்டாவது வகுப்பு இரண்டும் முழுக்க இதுதான், அங்கே அணி பெரிதாக இருக்கும், விஷயம் இந்தப் பொட்டலக் கணக்கைத் தாண்டாது.

இதுவரை சொன்னதற்கு நடுவில் இரண்டாவது வகுப்பிலிருந்து நீக்கல் முறை வருகிறது. காஸ் பெயரில் வழங்கினாலும் அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே சீனாவில் புழங்கிய முறை. நமக்குப் பள்ளியிலேயே கை பழகியிருப்பதால் இங்கே அதிகம் நிற்க வேண்டாம், ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூன்றாவது வகுப்பில் அணியை அணியால் பெருக்குவதைப் பல விதமாகக் காட்டுகிறார், நீக்கலின் ஒவ்வொரு படியும் ஓர் அணியால் பெருக்குவதே என்பது அதோடு சேர்ந்து பிடிபட்டால் நான்காவது வகுப்பில் வரும் எல்யூ பிரிப்பு (அணியை இரண்டு முக்கோண அணிகளின் பெருக்கலாக எழுதுவது) பயமுறுத்தாது.

சதுர அணிக்கு ஒற்றை எண்ணாக வரும் அணிக்கோவை எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். நம் புத்தகங்களில் ஆரம்பத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கும். 18.06இல் அது 18ஆவது வகுப்பில்தான் வருகிறது, அதுவும் சூத்திரமாக வரவில்லை, அலகு அணிக்கு மதிப்பு 1, இரண்டு நிரையை இடம் மாற்றினால் குறி மாறும் என்பது போன்ற பண்புகளாக வருகிறது. இந்த வரிசை எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது. பத்துக்குப் பத்து அணிக்கோவையை முழுதாக விரித்தால் 36,28,800 உறுப்புகள். அதே அளவு சமன்பாடுகளை நீக்கல் முறையில் தீர்க்கச் சில நூறு பெருக்கல் கழித்தல் போதும். கிராமர் விதி அழகான சூத்திரம், ஆனால் பெரிய கணக்கைத் தீர்க்க யாரும் அதைத் தொடுவதில்லை, தேர்வுக்காக அதையே முதன்மை வழியாகப் படித்துவிட்டுப் போகிற மாணவருக்கு இதை ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும்.

மறுபடி பொட்டலத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் பாடத்தின் மிகப் பயனுள்ள பகுதி என்று நான் நினைப்பது இனிமேல்தான் வருகிறது. ஒரே விகிதப் பொட்டலங்கள்தான் கடையில் இருக்கின்றன, உங்களுக்கோ (9, 5) வேண்டும். விடை இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நிஜ வாழ்க்கையில் அப்படிப் போக முடியாது. சோதனைச் சாலையில் நூறு அளவீடு எடுத்தால் அந்த நூறு புள்ளியும் ஒரே கோட்டில் உட்காராது, அதற்காக யாரும் வேலையை நிறுத்துவதில்லை. முழுசாகக் கிடைக்காவிட்டால் கிட்டத்தட்ட எவ்வளவு பக்கம் போகலாம் என்று கேட்கிறோம். கோட்டின் மேல் (9, 5)க்கு மிக அருகில் இருக்கும் புள்ளி எது?

(9, 5) இலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இறக்குங்கள், அது தொடும் இடம்தான் விடை. பள்ளியில் வெக்டரின் வீழல் என்று படித்தோமே, அதேதான். (9, 5)க்கும் (3, 1)க்கும் புள்ளிப் பெருக்கல் 27 + 5 = 32. (3, 1)க்கும் அதற்கே புள்ளிப் பெருக்கல் 10. 32ஐ 10ஆல் வகுத்தால் 3.2. ஆக முதல் பொட்டலம் 3.2 எடுத்தால் 9.6 கப் அரிசியும் 3.2 கப் உளுந்தும் வரும், இதைவிட அருகில் போக வழியில்லை. வேண்டியதிலிருந்து கிடைத்ததைக் கழித்தால் பிழை (−0.6, 1.8). இந்தப் பிழையை (3, 1)ஓடு புள்ளிப் பெருக்கல் செய்து பாருங்கள்: −1.8 + 1.8, பூச்சியம். பிழை கோட்டுக்குச் செங்குத்து. இந்தச் செங்குத்து ஒன்றிலிருந்துதான் மீச்சிறு வர்க்க முறையின் சூத்திரம் முழுவதும் பிறக்கிறது. 1805இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் வெளியிட்ட முறை இது. புள்ளிக்கூட்டத்தின் நடுவே ஒரு கோட்டைப் பொருத்தும் ஒவ்வொரு எக்செல் வரைபடத்துக்கும் பின்னால் இன்றும் இதுவே ஓடுகிறது.

16ஆவது வகுப்பில் ஸ்ட்ராங் (1, 1), (2, 2), (3, 2) என்று மூன்றே புள்ளிகளை வைத்து இதைச் செய்து காட்டுகிறார். மூன்றும் ஒரே கோட்டில் இல்லை. மிகப் பொருத்தமான கோடு 2/3 இல் ஆரம்பித்து, ஒவ்வோர் அடிக்கும் 1/2 ஏறுகிறது. இங்கே இரண்டு படம் இருக்கிறது என்பதுதான் பலருக்குக் குழப்பம் தரும் இடம். ஒன்று, மூன்று புள்ளியும் ஒரு கோடும் உள்ள சாதாரண வரைபடம். இன்னொன்று, வலப்பக்கத்தில் இருக்கும் (1, 2, 2) என்ற ஒரே வெக்டரை முப்பரிமாணத்தில் ஒரு தளத்தின் மேல் இறக்கும் படம். இரண்டாவது படத்தில் மூன்று புள்ளிகள் கிடையாது, ஒரு புள்ளிதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வைத்துக்கொண்டு அந்த வகுப்பை இன்னொரு முறை பாருங்கள், முதல் தடவை பார்த்ததைவிட நிறையக் கிடைக்கும்.

பத்தாவது வகுப்பைப் பற்றி இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அதன் அருமை புரியும். ஓர் அணிக்கு நான்கு வெளிகள் உண்டு என்று அங்கே ஒரு படம் போடுகிறார். நிரல்வெளி, நல் ஸ்பேஸ் இரண்டையும் பார்த்துவிட்டோம். நிரைகளைக் கூட்டி எட்டும் இடம் நிரைவெளி. நிரை நிரல் மாற்று அணியின் நல் ஸ்பேஸ் நான்காவது. நம் ஒரே விகித அணியின் நிரைகள் (3, 6), (1, 2). நல் ஸ்பேஸில் இருந்தது (2, −1). புள்ளிப் பெருக்கல் 6 − 6, பூச்சியம், ஆக நிரைவெளியும் நல் ஸ்பேஸும் ஒன்றுக்கொன்று செங்குத்து. அந்தப் பக்கம் நிரல்வெளி (3, 1) திசையில் கிடக்கிறது, நான்காவது வெளி அதற்குச் செங்குத்தான (−1, 3) திசையில். சற்று முன் நமக்கு வந்த பிழை (−0.6, 1.8) என்ன? (−1, 3) இன் 0.6 மடங்கு! எட்ட முடிந்த பகுதி நிரல்வெளியில் விழுந்தது, எட்டவே முடியாத பகுதி நான்காவது வெளியில் போய் நின்றது. நான்கு வெளியையும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்கள் இந்த ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் ஒப்பிக்கத் தேவையே இருக்காது.

பாடத்தின் இரண்டாவது பாதியில் ஐகன் மதிப்புகள் வருகின்றன. ஓர் அணியால் பெருக்கினால் பொதுவாக வெக்டரின் திசை மாறிவிடும். ஒரு சில வெக்டர்கள் மட்டும் திசை மாறாமல் நீளவோ குறுகவோ செய்யும், அவை ஐகன் வெக்டர்கள், எத்தனை மடங்கு என்பது ஐகன் மதிப்பு. வரையறையை எத்தனை முறை படித்தாலும் இது எதற்கு என்ற கேள்வி போகாது, 24ஆவது வகுப்பின் மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் போய்விடும். கலிபோர்னியாவில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஒரு வருஷத்தில் அங்கேயே தங்குகிறார்கள், ஒருவர் மாசசூசெட்ஸுக்குப் போகிறார். மாசசூசெட்ஸில் பத்தில் எட்டுப் பேர் தங்குகிறார்கள், இரண்டு பேர் கலிபோர்னியாவுக்குப் போகிறார்கள். ஆரம்பத்தில் ஆயிரம் பேரும் மாசசூசெட்ஸில். அடுத்த வருஷம் கலிபோர்னியாவில் 200, மாசசூசெட்ஸில் 800. அதற்கடுத்த வருஷம் 340, 660. இப்படியே போனால் கடைசியில்?

இந்த அணியின் ஐகன் மதிப்புகள் 1, 0.7. மதிப்பு 1 உள்ள வெக்டர் மாறவே மாறாது, அது (2, 1) திசையில் இருக்கிறது, அதாவது ஆயிரம் பேரில் சுமார் 667 பேர் கலிபோர்னியாவில், 333 பேர் மாசசூசெட்ஸில். மதிப்பு 0.7 உள்ள பகுதி ஒவ்வொரு வருஷமும் 0.7 மடங்காகச் சுருங்கிக்கொண்டே போகிறது. கலிபோர்னியாவின் பற்றாக்குறையைப் பாருங்கள்: முதலில் 667, அப்புறம் 467, அப்புறம் 327. ஒவ்வொன்றும் முந்தையதில் 0.7 மடங்கு. அணியை நூறு முறை பெருக்க வேண்டிய கணக்கு, 0.7ஐ நூறு முறை பெருக்கும் கணக்காகச் சுருங்கிவிட்டது. இணையப் பக்கங்களை வரிசைப்படுத்த கூகுள் ஆரம்பத்தில் பயன்படுத்திய பேஜ்ரேங்க் முறைக்கும் அடிப்படை இதே எண்ணம்தான், ஊர்களுக்குப் பதில் பக்கங்கள், குடிபெயர்பவர்களுக்குப் பதில் இணைப்பைச் சொடுக்கிப் போகிறவர்கள். இதற்கு முந்தைய 22ஆவது வகுப்பில் பிபனாச்சி எண்கள் (1, 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டைக் கூட்டி வருபவை) ஒவ்வொரு படியிலும் ஏன் ஏறத்தாழ 1.618 மடங்காக வளர்கின்றன என்பதையும் இதே வழியில் காட்டுகிறார், அதுவும் விட்டுவிடக் கூடாத வகுப்பு.

29ஆவது வகுப்பின் எஸ்விடியைப் (சிங்குலர் வேல்யூ டீகாம்போசிஷன்) பற்றி ஒரு கணக்கு மட்டும். 512க்கு 512 புள்ளிகள் உள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை அணியாக எழுதினால் 2,62,144 எண்கள். எஸ்விடி அந்த அணியைத் தரம் 1 உள்ள எளிய அணிகளின் கூட்டலாகப் பிரித்து, முக்கியமானதை முதலில் வைத்து வரிசையாகத் தருகிறது. முதல் 20 துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டால் சேமிக்க வேண்டியவை 20,500 எண்கள். படம் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பது படத்தைப் பொறுத்தது. பைத்தானில் நம்பை (NumPy) என்ற கணக்குத் தொகுப்பை வைத்துக்கொண்டு உங்கள் செல்போன் படம் ஒன்றிலேயே இதைச் செய்து பார்க்கலாம், பத்துப் பதினைந்து வரிக்கு மேல் எழுத வேண்டியிராது.

இனி எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்கிறேன். வீடியோவை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தால் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும், ஸ்ட்ராங் அவ்வளவு தெளிவாகச் சொல்வார், அதுதான் ஆபத்து. நோட்டும் பென்சிலும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். அவர் பலகையில் ஓர் அணியை எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்துக் கேள்வி கேட்டு நிறுத்துவார். அந்த இடத்தில் நீங்களும் வீடியோவை நிறுத்துங்கள், விடையை எழுதியபின் ஓடவிடுங்கள். ஆறாவது வகுப்பில் (1, 2, 3, 4), (1, 1, 1, 1), (2, 3, 4, 5) என்று மூன்று நிரல் எழுதி எது தேவையில்லாதது என்பது போல ஒரு பேச்சு வரும். மூன்றாவது, முதல் இரண்டின் கூட்டுத்தொகை என்று நீங்களே முதலில் கண்டுபிடித்துவிட்டால் அன்றைய பாடம் பாதி முடிந்தது.

பயிற்சிக் கணக்கு போடாமல் அடுத்த வகுப்புக்குப் போகவே கூடாது. 2011இல் இதே பாடத்தைத் தனியாகப் படிப்பவர்களுக்காக 18.06எஸ்சி என்று மறுபடி அடுக்கித் தந்திருக்கிறார்கள். அதில் வகுப்புச் சுருக்கம், கணக்குகள், அவற்றின் தீர்வுகள், தேர்வுத் தாள்கள், உதவி ஆசிரியர்கள் ஒரு கணக்கை எடுத்துப் போட்டுக் காட்டும் சின்ன வீடியோக்கள் எல்லாம் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர் இந்தப் பக்கத்திலேயே தொடங்கிவிடலாம். தீர்வைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்குக்கு இருபது நிமிடமாவது கொடுங்கள், விடை வராவிட்டாலும் அந்த இருபது நிமிடம் வீண்போகாது, தீர்வைப் படிக்கும்போது எங்கே நின்றீர்கள் என்பது தெரியும்.

ஆங்கிலத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். மெதுவாகப் பேசுவார், சின்னச் சின்ன வாக்கியம், வசன வரிகளும் இருக்கின்றன. பழைய பதிவு என்பதால் படத்தின் தரம் சுமார்தான், பலகை தெரிந்தால் போதும் என்பதால் குறைந்த டேட்டாவிலேயே பார்த்துவிடலாம். நுண்கணிதம் தெரிந்திருக்க வேண்டும் என்று எம்ஐடி சொல்கிறது, ஆனால் பெரும்பாலான வகுப்புகளுக்குப் பிளஸ் டூ கணக்கே போதும். வகைக்கெழுச் சமன்பாடு வரும் 23, ஃபூரியர் வரும் 26 இரண்டையும் முதல் சுற்றில் தாண்டிப் போகலாம். 28, 33 இரண்டையும் கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் பத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள்.

நிரூபணம் வேண்டும் என்பவர்களுக்கு 18.06 கொஞ்சம் பசியை மிச்சம் வைக்கும். அவர் உதாரணத்தில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார், தேற்றம் நிரூபணம் என்று கட்டிக்கொண்டு போகமாட்டார். எம்எஸ்சி கணிதம் போகிறவர்கள், தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்கள் இதோடு நிறுத்தக் கூடாது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் கே. சி. சிவகுமார் எடுத்த நேரியல் இயற்கணித வகுப்புகள் இருக்கின்றன, நிரூபணங்களை வரி வரியாகப் பலகையில் எழுதிக்கொண்டு போகும் வகுப்பு. வீடியோ இலவசம். என்பிடெல் பாடங்களில் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். நேராக அதில் ஆரம்பித்தால் வெக்டர் வெளியின் வரையறையிலேயே பலர் களைத்துவிடுவார்கள், 18.06இன் முதல் பத்து வகுப்பை முடித்துவிட்டு அங்கே போனால் ஒவ்வொரு வரையறைக்கும் கையில் ஒரு படம் இருக்கும்.

மெஷின் லேர்னிங்குக்காகவே படிக்கிறவர்களுக்கு ஸ்ட்ராங் 2018இல் எடுத்த 18.065 என்ற இன்னொரு பாடமும் அதே தளத்தில் இருக்கிறது. அதில் எஸ்விடி சீக்கிரமே வந்துவிடும், நியூரல் நெட்வொர்க் வரை போகும். அதன் முதல் வகுப்பையும் அவர் எங்கிருந்து ஆரம்பிக்கிறார் தெரியுமா? ஓர் அணியை ஒரு வெக்டரால் பெருக்கினால் வருவது நிரல்களின் சேர்க்கை என்பதிலிருந்துதான்.